நடக்க முடியாத முதியவர்களுக்கு வீடு தேடி மதியச் சாப்பாடு: தொடங்குவது முதல் நடத்துவது வரை

ஸ்ரீரங்கத்தில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. கோயிலில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. வீதிக்கு வீதி மெஸ் இருக்கிறது. போனில் தட்டினால் பார்சல் வந்துவிடும். ஆனாலும் மூட்டு வலியோடு இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் எண்பது வயதுக்காரர் காபியும் இரண்டு பிஸ்கட்டுமாக மதியத்தைக் கடத்திவிடுகிறார். சோறு இருக்கும் இடத்துக்கும் தன் தட்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அவரால் கடக்க முடியவில்லை.

அந்தத் தூரத்தைத் தன்னார்வலர்களை வைத்துக் கடப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. எங்கள் ஊரை வைத்து எழுதுகிறேன், உங்கள் பகுதிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அண்டாவும் அடுப்பும் வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். சமைத்த பிறகு ஆட்களைத் தேடுகிறார்கள். அதனால்தான் பல முயற்சிகள் சில வாரங்களில் நின்றுவிடுகின்றன. முதலில் சாப்பிடப் போகிறவர்கள், பிறகு அவர்கள் வாசல், பிறகு வழி, அப்புறம்தான் சமையல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கிடைத்த தகவலை வைத்துத்தான் நகரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எப்போதும் ஒருவர் எடுத்துப் பேசும் ஒரு போன் எண். இது தனிநபரின் எண்ணாக இல்லாமல் தனி சிம்மாக இருந்தால் பொறுப்பாளர் மாறும்போது எண் மாறாது. வயதானவர்கள் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டி வைத்திருப்பார்கள், அதை மாற்றச் சொல்லிக் கேட்பது பெரிய சிரமம்.

கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு, குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான பணம், தினமும் வருவேன் என்று சொல்லும் இரண்டு பேர். "எப்ப வேணா கூப்பிடுங்க" என்று சொல்பவர்கள் பத்துப் பேர் இருந்தாலும், நாள் குறித்துத் தருபவர்கள் இருவர் இல்லையென்றால் இன்னும் தொடங்கும் நேரம் வரவில்லை.

மூன்று மாதப் பணம் ஏன்? சாப்பாடு வரத் தொடங்கியதும் முதியவர் காஸ் சிலிண்டர் பதிவதை விட்டுவிடுவார், சமையல் செய்யும் பெண்ணை நிறுத்திவிடுவார். பாதியில் நாம் நின்றால் முன்பு இருந்ததைவிட மோசமான நிலையில் அவரை விட்டுவிட்டுப் போகிறோம்.

2. யாருக்கு என்று கண்டுபிடியுங்கள்

அறிவிப்புப் பலகை வைத்தால் நடந்து வரக்கூடியவர்கள்தான் வந்து பெயர் கொடுப்பார்கள். உண்மையில் தேவைப்படுபவர் பலகையைப் பார்க்கவே மாட்டார்.

அவரை அறிந்தவர்களிடம் கேளுங்கள். பால் போடுபவர், மருந்துக் கடைக்காரர், அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், பேப்பர் போடும் பையன், ஓய்வூதியம் கொண்டுவந்து தரும் தபால்காரர். இவர்களுக்கு எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பது தெரியும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தரும் சுகாதாரப் பணியாளர்களும் நன்றாக அறிவார்கள். நோயாளியின் விவரத்தை அவர்கள் சொல்லக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. உங்கள் போன் எண்ணை அந்த வீட்டில் கொடுக்கச் சொன்னால் போதும்.

யாரைச் சேர்ப்பது என்பதற்கு ஒரே கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: இவரால் தானே சமைக்கவோ, வெளியே போய்ச் சாப்பிடவோ, யாரையாவது வாங்கிவரச் சொல்லவோ முடியுமா? முடியாது என்றால் சேர்க்கலாம். வசதியானவரா, பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்களா என்பதெல்லாம் பணம் வாங்குவதற்கான கேள்விகள். தனியாகப் பட்டினி கிடப்பதில் வசதி குறுக்கே வருவதில்லை.

3. முதல் சந்திப்பு: சமையல் குறிப்பு இங்கேதான் எழுதப்படுகிறது

இந்த வேலையில் மிக முக்கியமான ஒரு மணி நேரம் இது. இருவராகப் போங்கள், ஒருவர் பேச, ஒருவர் எழுத. தெரிந்த ஒருவர் மூலம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். தனியாக இருப்பவர் முன்பின் தெரியாத இரண்டு பேருக்குக் கதவு திறக்கக் கூடாது, திறக்காதது சரியான பழக்கமும்கூட.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டியவை:

பல் இருக்கிறதா, பல்செட் போடுகிறாரா. விழுங்கும்போது இருமல் வருகிறதா. பக்கவாதம் வந்தவர்களுக்கு நீர்த்த ரசம் புரையேறும், குழைந்த கெட்டியான சாதம் இறங்கும். இருமல் உண்டு என்றால் எந்தப் பதத்தில் கொடுப்பது என்று மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

இன்சுலின் போடுகிறாரா, எப்போது போடுகிறார். இது ஒன்றை மறந்தாலும் ஆபத்து. சில இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டியிருக்கும். 12 மணிக்குச் சாப்பாடு வரும் என்று நம்பி 11:30-க்கு ஊசி போட்டுக்கொண்டவருக்கு, உங்கள் வண்டி பஞ்சராகி 1 மணிக்குச் சாப்பாடு போனால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார். சாப்பாட்டு நேரம் இனி நீங்கள் வருவதைப் பொறுத்தது என்பதால், ஊசி நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தாமதமானால் உடனே யார் போன் செய்வது என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உண்டா. இருந்தால் மருத்துவமனையில் தந்த உணவுச் சீட்டைப் பாருங்கள். பருப்பு, கீரை, தக்காளி, வாழைப்பழம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் அளவு இருக்கும். அந்தச் சீட்டின்படி தனியாகச் சமைக்க முடியாது என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், வேறு வழி தேட உதவுங்கள். பாதிக் கவனத்தோடு சமைத்துக் கொடுப்பதைவிட அது நல்லது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா. அதில் சில வகைகளுக்குக் கீரையின் அளவு திடீரென்று கூடுவதும் குறைவதும் ஆகாது. இரண்டு வாரம் கீரையே இல்லாமல், அப்புறம் நான்கு நாள் தொடர்ந்து கீரை என்று மெனு போடாதீர்கள்.

விரத நாட்கள். எங்கள் ஊரில் இதை விட்டால் நோட்டே வீண். ஏகாதசிக்கு ஒருவர் சுத்தப் பட்டினி, இன்னொருவர் பலகாரம், மற்றொருவர் வழக்கம்போல் சாதம். மறுநாள் துவாதசியில் காலையிலேயே பாரணை, அதாவது விரதம் முடிக்கும் சாப்பாடு, முடித்துவிடுவார்கள், அன்று புளி சேர்க்க மாட்டார்கள். அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் கேட்பார்கள். மதியம் 12 மணிக்குச் சாம்பாரோடு போய் நின்றால் அவர் வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். அமாவாசைக்கு வெங்காயம் பூண்டு கூடாது என்பவர்கள், ரமலானில் நோன்பு வைப்பவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனியாகக் குறியுங்கள். இன்சுலின் போடுபவர் ஏகாதசிப் பட்டினியும் இருப்பதாகச் சொன்னால், அன்று ஊசி என்ன செய்கிறார் என்று மருத்துவரைக் கேட்டாரா என விசாரியுங்கள்.

ராத்திரி என்ன சாப்பிடுகிறார். இதை யாருமே கேட்பதில்லை. கேட்காததால் வருவது என்னவென்றால், மதியம் தந்ததில் பாதியை எடுத்து மேஜை மேல் மூடி வைத்து இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுவார். திருச்சி வெயிலில் அது எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராத்திரிக்கு வழியில்லை என்றால் சப்பாத்தி போல ஈரம் குறைந்த ஒன்றைத் தனி டப்பாவில் கொடுங்கள். பிரிட்ஜ் இருந்தால் வந்தவுடன் பாதியை அதில் வைக்க நீங்களே உதவுங்கள்.

வாசலைப் பற்றிக் கேட்க வேண்டியவை: பெல் வேலை செய்கிறதா, காது கேட்குமா, எழுந்து வர எத்தனை நிமிடம் ஆகும், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, நாய் உண்டா, லிப்ட் நின்றால் எந்தப் படி. அவசரத்துக்கு இரண்டு பேர் எண் வேண்டும். அதில் ஒருவர் பத்து நிமிடத்தில் வந்து சேரக்கூடியவராக இருக்க வேண்டும். ஹூஸ்டனில் இருக்கும் மகன் எண் மட்டும் போதாது.

எப்படிக் கூப்பிடுவது என்றும் கேளுங்கள். மாமி என்றால் மகிழ்பவர் உண்டு, டீச்சர் என்றால்தான் முகம் மலர்பவர் உண்டு. பாட்டி என்றால் பிடிக்காதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

யார் சமைக்கிறார்கள் என்ற கேள்வி வரும். சைவம், வெங்காயம் பூண்டு இல்லாதது என்பதெல்லாம் உணவுப் பழக்கம், முடிந்தவரை மதிக்கலாம். சமைப்பவரும் கொண்டுவருபவரும் என்ன ஆட்கள் என்று சாதியைத் துருவினால், "எல்லாரும் நம்ம ஆட்கள்தான், சுத்தமா சமைக்கிறாங்க" என்பதோடு நிறுத்துங்கள். அதற்காக ஆளை மாற்றாதீர்கள். ஒரு வாசலில் மாற்றினால் எல்லா வாசலிலும் மாற்ற வேண்டியிருக்கும், வெயிலில் சாப்பாடு சுமந்து போகிற பிள்ளையை நாமே அவமானப்படுத்தியதாகும்.

4. எத்தனை வீடு, எத்தனை நாள்

முதல் மாதம் பத்து வீட்டுக்கு மேல் வேண்டாம். பட்டியலில் முப்பது பேர் இருந்தாலும் பத்துதான். மற்றவர்களிடம் எப்போது சேர்ப்போம் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஏழு நாளும் முடியாவிட்டால் திங்கள் முதல் சனி வரை வையுங்கள். ஞாயிறு பக்கத்து வீட்டாரோ உறவினரோ பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வாரத்தில் மூன்று நாள் மட்டும் என்பது சரிவராது. எந்த நாள் வரும், எந்த நாள் வராது என்பது வயதானவர்களுக்குக் குழம்பும். வராத நாளில் காத்திருந்து பசியோடு படுத்துவிடுவார்கள்.

5. வழியைப் போடுங்கள்

ஒரு தன்னார்வலருக்கு எட்டு வீடு, ஒரு மணி நேரம். வீட்டுக்கு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், மீதி பயணம். அதற்கு மேல் ஏற்றினால் முதலில் காணாமல் போவது அந்த ஐந்து நிமிடம்தான்.

வரிசையைத் தூரத்தை மட்டும் வைத்துப் போடாதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் முதலில். மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டியவர்கள் அடுத்து. நிறையப் பேசுபவர் கடைசி. அவருக்கு அந்தப் பேச்சு வேண்டும், ஆனால் அவருக்குப் பின்னால் பசியோடு யாரும் காத்திருக்கக் கூடாது.

போட்ட வழியைக் காலி வண்டியில், அதே மதிய நேரத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஓட்டினால் பள்ளி வேனும் சரக்கு வண்டியும் தெரியாது. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் கோயிலைச் சுற்றித் தடுப்பு வைத்துவிடுவார்கள். சித்திரைத் தேர் அன்று சித்திரை வீதிகளில் வண்டி நகராது. அந்த நாட்களுக்கு நடந்து போகும் வழி தனியாக வேண்டும், வீதிக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு தன்னார்வலரும் வேண்டும். உங்கள் ஊரில் சந்தை நாளோ திருவிழாவோ எதுவோ, அதை இப்போதே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

6. தன்னார்வலர்கள்

ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம் நேரம் இருக்கும் பெண்கள், இரண்டாவது ஷிப்டுக்குப் போகிறவர்கள். இவர்கள்தான் நிலைத்து நிற்பவர்கள். கல்லூரி மாணவர்கள் ஆர்வமாக வருவார்கள், தேர்வு நேரத்தில் போய்விடுவார்கள். அவர்களை உதவிக்கு வையுங்கள், ஒரு வழியை முழுதாக ஒப்படைக்காதீர்கள்.

ஒரு வழிக்கு ஒரே ஆள் வாரத்தில் பல நாள் போவது நல்லது. தினம் ஒரு புது முகம் என்றால் நேற்றைக்கும் இன்றைக்கும் அந்த முதியவரிடம் என்ன மாற்றம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் வீடுகளை அறிந்த மாற்று ஆள் ஒருவர் கட்டாயம். அவர் முதல் வாரமே கூடப் போய் எல்லோரிடமும் அறிமுகமாகிவிட வேண்டும்.

அடையாள அட்டை, முகவரிச் சான்றின் நகல், அவரை நன்றாக அறிந்த இரண்டு பேரின் வார்த்தை. யாராக இருந்தாலும் இந்த மூன்றும் இல்லாமல் அனுப்பாதீர்கள். தெரிந்த பையன்தானே என்று விட்டுக்கொடுக்க மனம் வரும். நாம் திறந்துவிடுவது தனியாக இருக்கும் ஒருவருடைய கதவு.

முதல் நாளே சொல்லிவிட வேண்டிய விதிகள்:

பணம், ஏடிஎம் அட்டை, நகை, பத்திரம் எதையும் கையில் வாங்கக் கூடாது, அவர் கெஞ்சினாலும். அந்த வேலைக்குப் பொறுப்பாளரிடம் சொன்னால் உறவினரைத் தொடர்பு கொள்ளலாம்.

மாத்திரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. "இதுல எது மத்தியானம் போடறது?" என்று கேட்டால் மகளுக்கோ மருந்துக் கடைக்கோ போன் போட்டுப் பேச வைக்கலாம்.

போட்டோ எடுக்கக் கூடாது. சாப்பாட்டை நீட்டுவதும் அவர் வாங்குவதுமாக ஒரு படம் கூட வேண்டாம். ஊரில் மரியாதையாக வாழ்ந்தவர் அவர். நன்கொடையாளர்கள் படம் கேட்டால் சமையலறையை, அடுக்கி வைத்த கேரியர்களைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் பெயரும் கதவு எண்ணும் வரக் கூடாது. தனியாக இருக்கும் முதியவர்களின் முகவரிப் பட்டியல் திருடனுக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் கொடுத்து "7 இன்று ஊரில் இல்லை" என்று எழுதப் பழக்குங்கள். எண்ணுக்கு உரிய பெயர் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

7. பாத்திரம்

சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி நூல் சுற்றித் தருவதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு. வாதம் வந்த விரல்களால் அந்த நூலைப் பிரிக்க முடியாது. பல்லால் கடித்துப் பிரிக்கும்போது சுடு சாம்பார் கையில் கொட்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் தடையும் இருக்கிறது.

எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்குங்கள். மூன்று அடுக்கு போதும். வாங்கும் முன் கடையிலேயே கிளிப்பை ஒரு கையால் திறந்து பாருங்கள். புதிய கேரியரின் கிளிப் விறைப்பாக இருக்கும். வலுவில்லாத கைக்குத் திறக்காத கேரியர் சாப்பாடு இல்லாத கேரியர்தான்.

ஒருவருக்கு இரண்டு செட் வேண்டும். இன்றையதைக் கொடுத்து நேற்றையதை வாங்கி வர வேண்டும். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தால் வழி முழுக்கத் தாமதமாகும்.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா, அங்கே வீட்டு எண்ணை வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும், மூடியிலும். பேனாவால் எழுதியது இரண்டு கழுவலில் போய்விடும். மேல் மூடி 4, கீழ் அடுக்கு 9 என்று கலந்தால் உப்பு குறைத்த கூட்டு வேறொருவருக்குப் போய்விடும். சர்க்கரை, உப்பு, குழைவு என்று தனிக் கவனம் வேண்டியவர்களின் கேரியர் பிடியில் சிவப்பு நூல் கட்டுங்கள். கட்டுபவரும் பார்ப்பார், கொண்டுபோகிறவரும் பார்ப்பார்.

8. இப்போது சமையல்

வீடுகள் ஐந்தாறுக்குள் என்றால் தனிச் சமையலறை வேண்டாம். அந்தத் தெருவிலேயே தினமும் சமைக்கும் வீடுகளில் ஒரு ஆள் சாப்பாடு கூடுதலாக வைக்கச் சொல்லி, முறை போட்டுக்கொள்வது போதும். பத்து முதல் முப்பது வரை என்றால், வீட்டுச் சாப்பாடு போடும் ஒரு மெஸ்ஸிடம் பேசுங்கள். அவர்களுடைய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், முன்னறிவிப்பில்லாமல் சமையலறையைப் போய்ப் பாருங்கள். சொந்தச் சமையலறை அதற்கு மேல்தான். அதையே முதலில் தொடங்குவது பணத்தையும் ஆளையும் விழுங்கிவிடும்.

இலவசமாகத் தருகிறோம், எதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு என்று கேட்பார்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், லாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உணவு நிறுவனம் என்றே பார்க்கிறது. சொந்தச் சமையலறை என்றால் பதிவு செய்துவிடுங்கள். சமைப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் வேண்டும்.

அளவு: மதியத்துக்கு ஒருவருக்கு 75 முதல் 80 கிராம் அரிசி. இருபது பேருக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். கல்யாணச் சமையல் கணக்கில் போட்டால் பாதி திரும்பி வரும். சாதத்தைக் குறைத்துப் பருப்பு, கூட்டு, தயிரைக் கூட்டுங்கள். வயதானவர்களின் சாப்பாட்டில் முதலில் காணாமல் போவது புரதம்தான். முட்டை சாப்பிடுபவர்களுக்கு அது நல்ல வழி.

உப்பு எல்லோருக்கும் மட்டாக இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று லோ சோடியம் உப்பு வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆகாது. நல்ல மனதோடு செய்யும் தவறுகளில் இதுவும் ஒன்று.

தயிர் சாதத்தைப் பாலில் பிசைந்து கொஞ்சம் தயிர் விட்டால் நேரமானாலும் புளிக்காது. தேங்காய் அரைத்த கூட்டை வெயில் காலத்தில் தவிர்க்கலாம். முள், எலும்பு, முழு மிளகு, கறிவேப்பிலைக் காம்பு இவை எதுவும் பல்லில்லாதவர் தட்டுக்குப் போகக் கூடாது.

9. கட்டுவதும் கிளம்புவதும்

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கடைசி வீட்டுக்கு 12:30-க்குச் சாப்பாடு சேர வேண்டும் என்றால் 11:30-க்கு வண்டி கிளம்ப வேண்டும், 11 மணிக்குக் கட்டத் தொடங்க வேண்டும், சமையல் 10:45-க்கு இறங்க வேண்டும். அடுப்பிலிருந்து இறங்கி வாய்க்குப் போகும்வரை இரண்டு மணி நேரத்துக்குள் முடியட்டும்.

சூடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கும். குறிப்பாகச் சாதத்தில். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கிற நீரிலும் சாகாமல் தப்பிவிடும், வெதுவெதுப்பான சாதத்தில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு செய்தாலும் போகாது. அதனால் "ஆறினா சுட வச்சுக்கலாம்" என்பது இங்கே செல்லாது. குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, முதல் இரண்டு வாரம் கடைசி வீட்டில் சூட்டை அளந்து எழுதுங்கள். குறைந்தால் கேரியர்களைச் சூடு ஆறாமல் கொண்டுபோகும் ஹாட்பாக்ஸ் பையை மாற்றுங்கள், இல்லையென்றால் வழியை இரண்டாகப் பிரியுங்கள்.

தினமும் ஒரு சிறு அளவு சாப்பாட்டைத் தேதி போட்டு மறுநாள்வரை பிரிட்ஜில் வையுங்கள். யாருக்காவது வயிறு கெட்டால் காரணம் நம் சாப்பாடா என்று பரிசோதிக்க அதுதான் சாட்சி.

10. வாசலில் ஐந்து நிமிடம்

கேட்டில் மாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். பெல் அடித்து, அவர் எழுந்து வரும் நேரம் முழுக்கக் காத்திருங்கள். அவசரமாக மறுபடி மறுபடி அடித்தால் வேகமாக வர முயன்று விழுந்துவிடுவார். "மெதுவா வாங்க, நிக்கறேன்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

உள்ளே அழைத்தால் கேரியரை அவர் சாப்பிடும் இடத்தில் வைத்து, கிளிப்பைத் தளர்த்திக் கொடுங்கள். குனிந்து எடுக்கும்படி தரையில் வைக்காதீர்கள்.

நேற்றைய கேரியரைத் திறந்து பாருங்கள். சாதம் அப்படியே இருக்கிறதா? கூட்டு மட்டும் மீதமா? இரண்டு நாள் தொடர்ந்து மீதம் என்றால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பல் வலியாக இருக்கலாம், வாய்ப்புண்ணாக இருக்கலாம், மனசு சரியில்லாமலும் இருக்கலாம். மருத்துவருக்கு முன்பே கேரியருக்குத் தெரிந்துவிடும்.

ஆளையும் பாருங்கள். வளையல் முழங்கை வரை ஏறுகிறது, கால் வீங்கியிருக்கிறது, நேற்றுக் கட்டிய அதே புடவை, பேச்சு குளறுகிறது. வியர்த்து, நடுங்கி, குழம்பிப் பேசினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். சுயநினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க முடியாமல் இருந்தால் பக்கவாதம், அதற்கும் உடனே 108. மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். தனியாக இருப்பவருக்கு அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அதனால் ஒவ்வொரு வாசலிலும் நேரத்தை எழுதுங்கள்.

யாராவது அடிக்கிறார்கள், பணத்தைப் பிடுங்குகிறார்கள் என்று தெரிந்தால் நீங்களே சண்டைக்குப் போகாதீர்கள். முதியோர் உதவி எண் 14567-க்குப் பொறுப்பாளர் பேசட்டும்.

11. கதவு திறக்கவில்லை என்றால்

சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவது மட்டும் கூடாது. வரிசையாக இதைச் செய்யுங்கள்: பெல், ஜன்னல் வழியாகக் குரல், அவர் போனுக்கு அழைப்பு, பக்கத்து வீடு, பொறுப்பாளருக்குத் தகவல். பொறுப்பாளர் உறவினரையும் சாவி வைத்திருப்பவரையும் அழைப்பார். பத்து நிமிடத்தில் யாரும் கிடைக்கவில்லை, உள்ளே போன் மணி கேட்கிறது என்றால் அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள்.

தன்னார்வலர் மற்ற வீடுகளை முடிக்கப் போகலாம், ஆனால் பொறுப்பாளரோ வேறொருவரோ அந்த வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான். பெரும்பாலும் குளித்துக்கொண்டிருந்திருப்பார், டாக்டரிடம் போயிருப்பார். அதற்காகக் கோபப்படாதீர்கள். வெளியே போகிற நாளில் முதல் நாளே சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

12. பணம்

முடிந்தவர்களிடம் வாங்குங்கள். காசு கொடுத்துச் சாப்பிட்டால்தான் நிம்மதி என்பவர்கள் உண்டு. யார் கொடுக்கிறார், யார் கொடுக்கவில்லை என்பது பொறுப்பாளரையும் கணக்கெழுதுபவரையும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. கேரியரிலும் மெனுவிலும் எந்த வித்தியாசமும் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நன்கொடை அனுப்ப ஆசைப்படுவார்கள். இந்தியக் குடிமகனாக இருக்கும்வரை அவருடைய சொந்தச் சேமிப்பு வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டால், அவர் அனுப்பும் நன்கொடை 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும், தனி அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. நம்ம தெருப் பையன்தானே என்று கணக்கில் வாங்கிவிடாதீர்கள். பணம் பெரிதாகும் முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்த்து, சங்கமாகவோ டிரஸ்டாகவோ பதிவு செய்யுங்கள்.

13. ஒத்திகை, முதல் மாதம்

முதல் நாளுக்கு முந்தைய வாரம், கேரியரில் தண்ணீர் நிரப்பி முழு வழியும் ஓடுங்கள். எந்தக் கேரியர் சிந்துகிறது, எந்த மாடிப்படியில் இருட்டு, எந்த வீட்டு பெல் வேலை செய்யவில்லை எல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

முதல் மாதம் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் கூடுங்கள். நோட்டைத் திறந்து வீட்டு எண் வாரியாகப் பேசுங்கள். பாராட்டை விட்டுவிட்டு, எங்கே தாமதம், எங்கே மீதம், யாருக்கு என்ன மாற்றம் என்பதை மட்டும் பாருங்கள்.

மழை நாளுக்கும், சமையல் ஆள் வராத நாளுக்கும் மாற்று ஏற்பாடு எழுத்தில் இருக்கட்டும்: எந்த மெஸ், எத்தனை மணிக்குச் சொன்னால் தருவார்கள், யார் போய் வாங்குவது. அவசரத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் அவல், பால் பவுடர், ரஸ்க் கொண்ட ஒரு சிறு டப்பாவை முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேதி பார்த்து மாற்ற வேண்டும்.

பதினோராவது வீட்டை எப்போது சேர்ப்பது? தொடர்ந்து நான்கு வாரம் கடைசி வாசலுக்கு நேரத்தில் சூடாகப் போயிருக்க வேண்டும். மாற்று ஆள் ஒருமுறையாவது தனியாக வழியை ஓட்டியிருக்க வேண்டும். கையில் மறுபடியும் மூன்று மாதப் பணம் இருக்க வேண்டும். மூன்றும் சரி என்றால் காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போன் செய்யுங்கள். செய்துவிட்டு, அவருக்கும் மூன்றாவது படியிலிருந்து தொடங்குங்கள்.